முதலிடம் வந்த அனைவருக்கும் மல்கோவா

கஞ்சத்தனத்தால் கெட்டுப்போனவன் ஒருவனையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கெட்டுப்போனவர்கள் எல்லாம் தாராளமாக வாயை விட்டவர்கள்தான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சூளகிரியில் ஒரு மாந்தோப்பு வாசலில், கொடி பிடித்த ஒரு கூட்டத்தோடு நின்று தெரிந்துகொண்டேன். அந்தக் கூட்டத்தை அங்கே கூட்டிப்போனவனும் நான்தான். (வழி தெரிந்தவன் நான் ஒருவன்தானே.)

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதன் மகிமை புரியாது. அந்தக் காலத்து ஓசூரில் 'கன்ஃபர்மேஷன்' கடிதம் கைக்கு வந்த சூட்டோடு பெண் வீட்டார் வந்துவிடுவார்கள். ஜாதகத்தை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள். முதலில் அந்தக் கடிதத்தைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். என் கடிதத்தை அப்படிப் பார்த்தவர் சூளகிரி வெங்கடப்பா. அவருக்கு நெடுஞ்சாலையை ஒட்டி மாந்தோப்பு, தோப்பு நிறைய தோத்தாபுரி, அதாவது கூழுக்கும் உப்பு மிளகாய்ப்பொடிக்கும் போகிற கிளிமூக்கு மாங்காய். அவருடைய ஒரே மகள் மஞ்சுளா கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் ஆபீஸில் வேலை பார்த்தாள். சீசன் கூலிக்காரர்கள் சண்டைக்கு வந்தால் பேசி அனுப்புவது அவள் வேலை. நிச்சயதார்த்தம் முடிந்தது. ஆனியில் கல்யாணம்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? பல்லைத் துலக்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்வந்து ஆனிக்காகக் காத்திருப்பான். நான் வெப்சைட் ஆரம்பித்தேன்.

குற்றத்தில் பாதி ஜெபராஜுக்குச் சேரும். அவன் என் அறைத் தோழன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், அதே தொழிற்சாலை. சாயங்கால வகுப்பில் சேர்ந்து வலைப்பக்கம் செய்யக் கற்றிருந்தான். பெங்களூரில் யாரோ நடத்தும் ஒரு கிரிக்கெட் வெப்சைட்டை ஒருநாள் அவன்தான் காட்டினான். இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடக்கப்போகிறது. ஆடுகிற நாடுகளிலிருந்து நீங்களே பதினோரு பேரைப் பொறுக்கி ஓர் அணி அமைக்க வேண்டும். அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் உங்கள் கணக்கில் மதிப்பெண்ணாக ஏறும். கடைசியில் யாருக்கு அதிகமோ அவருக்குப் பரிசு. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தார்கள்.

"ஏல, இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? நாம போட்டா ஓடாதா?" என்றான் ஜெபராஜ்.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. வெப்சைட் ஓடும், பெங்களூர்க்காரன் படுத்துவிடுவான், நான் வேலையை விடுவேன், மாமனார் என் போட்டோவைக் கூடத்தில் மாட்டுவார் என்று ஒரே மூச்சில் கனவு கண்டு முடித்தேன். 'பதினோருபேர் டாட் காம்' பிறந்தது. கையோடு பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன்: உங்கள் ஆட்டம் முடிந்தது, நாங்கள் வருகிறோம் என்று. அடுத்த நிமிடமே பதில் வந்தது. 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி.' அது இயந்திரம் தானாக அனுப்பும் பதில் என்று எங்களுக்குத் தெரியாது. பயந்துவிட்டார்கள் என்று சொல்லி ஆளுக்கு ஒரு முட்டை பரோட்டா சாப்பிட்டோம்.

ஓசூரிலிருந்து இன்டர்நெட் பிடிக்க வேண்டுமானால் பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட வேண்டும், மீட்டர் எகிறும். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விட்டால் செலவு குறைவு என்று ஜெபராஜ் கண்டுபிடித்து வந்தான். ஆகவே தமிழ்நாட்டு இளைஞர்களின் மாபெரும் இணைய நிறுவனம் கர்நாடக மண்ணில், ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் தொடங்கப்பட்டது. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம். முதல் பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பேட்ஸ்மேன் படத்தின் இடுப்பு வரைக்கும் வந்தபோது எல்லாம் அணைந்தது.

"கரண்ட் ஹோய்த்து," என்றார் கடைக்காரர். கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வெப்சைட்டுக்கு ஒரு பரிசு வேண்டுமே. சூளகிரிக்குப் போனேன். வெங்கடப்பா மாமா வாசல்வரை வந்து, "வாங்க மாப்ள, வாங்க" என்று கூட்டிப்போனார். (இந்த 'வாங்க'வை வாசகர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். பிறகு கிடைக்காது.)

அவர் தோப்பில் வீட்டை ஒட்டி ஐந்தாறு மல்கோவா மரங்கள் உண்டு. மல்கோவா நிறையக் காய்ப்பது அபூர்வம். காய்த்தால் ஒரு பழம் குழந்தைத் தலை அளவு இருக்கும், நார் என்பதே கிடையாது. தோத்தாபுரியை லாரி லாரியாகக் கூழ் ஆலைக்கு அனுப்புகிற மனிதர், மல்கோவாவில் ஒன்றைக்கூட விற்கமாட்டார். அந்த வருடம் மரங்கள் அதிசயமாகக் காய்த்திருந்தன. மகள் கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஒரு மல்கோவா கொடுப்பது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"ஒரே ஒரு பெட்டி குடுங்க மாமா. உங்க தோப்பு பேரு உலகம் பூரா தெரியும்," என்றேன்.

"உலகம்னா எதுவரைக்கும்?"

"அமெரிக்கா வரைக்கும் மாமா."

"வேலூர் மண்டிக்காரனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கும் தெரியும்."

அதற்கே அவர் இளகிவிட்டார். "ஒரு பெட்டிதானே, ஆகட்டும் போங்க," என்றார். 'முதல் பரிசு ஒரு பெட்டி மல்கோவா. வழங்குபவர்: மாந்தோப்பு வெங்கடப்பா, சூளகிரி' என்று வெப்சைட்டின் நெற்றியில் மினுக்மினுக்கென்று மின்னுகிற எழுத்தில் போட்டோம்.

ஆள் வரவில்லை. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் நாங்கள் பார்க்கிறபோது மட்டும் ஏறியது. பெங்களூர்க்காரன் எதில் பலவீனமானவன் என்று அவன் விதிமுறைகளை வரிவரியாகப் படித்தேன். ஓர் இடத்தில் சிக்கினான். இரண்டு பேர் ஒரே மதிப்பெண்ணில் முதலிடம் வந்தால் குலுக்கல் முறையில் ஒருவருக்குப் பரிசு என்று போட்டிருந்தான்.

எங்கள் தொழிற்சாலையில் குலுக்கல் என்ற வார்த்தையைச் சொன்னாலே அடிக்க வருவார்கள். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு என்று எல்லாவற்றிலும் ஏமாந்த ஜனம். நான் துள்ளி எழுந்து என் வாழ்க்கையின் மிகச் சிறந்த யோசனையைச் சொன்னேன். வெப்சைட்டில் ஏறியது மட்டுமல்ல, நோட்டீஸாக அச்சடித்து கம்பெனி பஸ்களிலும் ஒட்டினோம்: 'குலுக்கல் கிடையாது! ஏமாற்று கிடையாது! முதலிடம் வந்த அனைவருக்கும் முழுப் பரிசு!'

"ரெண்டு பேரு வந்துட்டா ரெண்டு பெட்டியால்லா கேப்பான்?" என்றான் ஜெபராஜ்.

"உலகத்துல ரெண்டு பேரு ஒரே மாதிரி டீம் போடுவானாடா?" என்றேன். நான் டிப்ளமோவில் கணக்குப் பாடத்தில் முதல் வகுப்பு.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் துண்டுச் சீட்டில் அணியை எழுதிக் கொடுத்தால் நாங்களே வெப்சைட்டில் ஏற்றிவிடுவோம் என்றும் நோட்டீஸில் சொல்லியிருந்தோம். இங்கேதான் கோவிந்தசாமி அண்ணன் வருகிறார். எங்கள் யூனியன் செயலாளர். சிரித்துக்கொண்டே பேசுவார், சிரித்துக்கொண்டே வேலைநிறுத்த நோட்டீஸும் கொடுப்பார். கேன்டீனில் என் எதிரே டீ டம்ளரோடு உட்கார்ந்தார்.

"ஏம்பா மாதேசு, இந்த நோட்டீஸ்ல போட்டிருக்கறது நெசந்தானா? எத்தன பேரு மொதல்ல வந்தாலும் குடுப்பியா?"

"சத்தியமாண்ணா."

"அப்பறம் பேச்சு மாறக்கூடாது."

"நான் என்ன மேனேஜ்மென்டாண்ணா, பேச்சு மாற?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் மிகவும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அடுத்து நடந்ததை உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனும் செய்திருக்கமாட்டான். யூனியன் ஆபீஸில் பொதுக்குழு கூடியது. தனித்தனியாகக் கேட்டால் ஒருத்தனுக்கும் கிடைக்காது, கூட்டாகக் கேட்டால் எல்லோருக்கும் கிடைக்கும் என்பது அவர்கள் போனஸில் கற்ற பாடம். அதை அப்படியே கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். டிபார்ட்மென்டுக்கு ஒரு பிரதிநிதி பேசினார். நம் நாட்டுக்காரன் என்பதற்காக யாரையும் எடுக்கக்கூடாது, ப்ரொடக்‌ஷன் காட்டுகிறவனை மட்டும் எடுக்க வேண்டும் என்று மெஷின் ஷாப் வாதாடி ஜெயித்தது. பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத ஒரு வெளிநாட்டு வேகப்பந்து வீச்சாளரைச் சேர்க்காவிட்டால் வெளிநடப்பு செய்வோம் என்றது பெயின்ட் ஷாப். கைதூக்கி, எண்ணி, ஓர் அணியைத் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். மறுநாள் மூன்று ஷிப்டிலிருந்தும் சாக்குப் பையில் சீட்டு வந்து இறங்கியது.

ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்த ஜெபராஜ் நிமிர்ந்தான். "மக்கா, எல்லாச் சீட்டுலயும் ஒரே டீமா இருக்கு கேட்டியா."

இங்கே ஓர் அசரீரி ஒலித்திருக்க வேண்டும். ஒலிக்கவில்லை. ஒரு முட்டாளின் குரல்தான் ஒலித்தது. "நல்லதாப் போச்சுடா! ஒருதடவ அடிச்சுட்டு காப்பி பண்ணிக்கலாம். தோத்தா எல்லாம் ஒண்ணாத் தோப்பானுங்க, நமக்கென்ன?"

நாங்கள் இருவரும் இந்திய ஆட்டக்காரர்களாகவே பொறுக்கித் தேசப்பற்றோடு ஓர் அணி வைத்திருந்தோம். உறுப்பினர் எண்ணிக்கை ஒரே நாளில் எகிறியதைப் பார்த்து நான் ஜெபராஜைக் கட்டிப்பிடித்தேன். மாமாவுக்கு எஸ்.டி.டி. போட்டு, தோப்பின் பேர் பரவிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். அது மட்டும் உண்மை.

உலகக் கோப்பை தொடங்கியது. நம் அணி அரையிறுதிக்கு முன்பே மூட்டை கட்டியது. அதோடு என் தேசப்பற்று அணி, அத்திப்பள்ளிக் கடைக்காரர் அணி, கல்யாணத்துக்கு மேளம் சொல்லியிருந்த கோஷ்டியின் அணி எல்லாம் கவிழ்ந்தன. யூனியன் அணி மட்டும் ஓவர்டைம் பார்த்தது. பெயின்ட் ஷாப் பிடிவாதமாகச் சேர்த்த அந்த வேகப்பந்துக்காரர் ஒவ்வொரு விக்கெட் எடுக்கும்போதும் கேன்டீனில் விசில் பறக்கும். எனக்குச் சோறு இறங்காது. எங்கோ இங்கிலாந்தில் முகம் தெரியாத ஒரு மனிதன் ஓடிவந்து பந்து போட, இங்கே என் கல்யாணத்தில் ஒரு ஸ்டம்ப் சாய்ந்துகொண்டிருந்தது. அவருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று சந்திரசூடேஸ்வரர் மலையேறி வேண்டிக்கொண்டேன். அவர் அடுத்த ஆட்டத்தில் இன்னும் நன்றாகப் போட்டார்.

இறுதி ஆட்டம் முடிந்து கணக்குப் பார்த்தோம். முதலிடம்: மூன்று ஷிப்ட்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் கோவிந்தசாமி அண்ணனைப் பிடித்தேன். "அண்ணா, ஒரு சின்ன திருத்தம். குலுக்கல் வச்சு…"

"பாதில கண்டிசன மாத்தறது மொதலாளி வேலைப்பா," என்றார் சிரித்தபடி. "நீ நம்ம ஆளு. உங்கிட்ட என்னா சண்ட? பரிசு குடுக்கறவரு பேருதான் போட்டிருக்குதே. சூளகிரிதானே, ஞாயித்துக்கெழம போயி அவரையே பாத்துக்கறோம். அதுக்கோசரம் நீ மனசு கஷ்டப்படாத. வழி காட்ட மட்டும் வா."

மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். மாமாவே எடுத்தார். "சாப்ட்டீங்களா மாமா?" என்றேன். "ஆச்சு. நீங்க?" என்றார். "ஆச்சுங்க" என்று வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன். இந்தமுறை எடுத்தது மஞ்சுளா. அவளிடம் ஒருவழியாக உளறிக் கொட்டினேன். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பூத் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது எனக்கே பெண் கொடுக்கத் தோன்றவில்லை. "வர்ற ஜனங்களுக்குத் தண்ணி எடுத்து வைக்கறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரிகளில் கிளம்பினோம். முதல் லாரியில் டிரைவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். சூளகிரியில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் வரிசை கட்டினார்கள், பழக்கதோஷத்தில் கொடியும் வந்துவிட்டது. கொடி வந்தால் கோஷம் வராமல் இருக்குமா?

"வழங்கிடு! வழங்கிடு!"

"மல்கோவா வழங்கிடு!"

நானும் யூனியன் மெம்பர். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து உயர்த்திவிட்டார். மாமா கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவர் முதலில் பார்த்தது, முன்வரிசையில் முஷ்டியை உயர்த்தி நிற்கும் வருங்கால மருமகனைத்தான்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, இதுதான் உன் அமெரிக்காவா?" என்றார்.

'வாங்க மாப்ள' போய் 'ஏம்ப்பா' வந்துவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். சூளகிரி பாறை பூமி, அதுவும் உதவவில்லை.

மாமா பெரிதாகக் கத்தவில்லை. பத்திரிகை அச்சடித்தாகிவிட்டது, சொந்தபந்தத்துக்கெல்லாம் மல்கோவா என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி எந்த முகத்தோடு இந்தக் கல்யாணத்தை நடத்துவது என்று மெதுவாகக் கேட்டார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "இது வேணாம்னு தோணுது மஞ்சு," என்று மகளிடம் திரும்பினார்.

மஞ்சுளா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க கொஞ்சம் கம்முனு இருங்க," என்றாள். பிறகு கோவிந்தசாமி அண்ணனைப் பார்த்து, "பேசித் தீத்துக்கலாமாண்ணா? பேச்சுவார்த்தைக்கு எத்தன பேரு வர்றீங்க?" என்று கேட்டாள்.

'பேச்சுவார்த்தை' என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்தது. மாமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் யூனியன். மறுபக்கம் மாமாவும் மஞ்சுளாவும். என்னை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று இருதரப்புக்கும் தெரியவில்லை. இரண்டு பாய்க்கும் நடுவில் வெறும் தரையில் உட்கார்ந்தேன்.

"ஆளுக்கு ஒரு பெட்டி குடுத்தா மரத்த வேரோட புடுங்கினாலும் பத்தாதுங்கண்ணா. நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க," என்றாள் மஞ்சுளா. "ஆளுக்கு ஒரு பழம். அதுவும் கையில இல்ல, கல்யாணத்துல. எல்லாரும் குடும்பத்தோட வந்து சாப்ட்டுட்டு தாம்பூலத்தோட வாங்கிக்கணும்."

"எல்லாரும்னா மூணு ஷிப்டும் வருவோம்மா."

"மூணு பந்தி போடறோம்."

அண்ணன் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார்: "அப்ப கல்யாணம் கண்டிப்பா நடக்கணும். நிறுத்தினா நாங்க திரும்பி வருவோம்."

மாமா பாயை விட்டு எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "ஆயித்து பிடு," என்றார். ஆகட்டும் விடு என்று அர்த்தம். அலுத்துப்போனால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். இப்படியாக என் திருமணம் தொழிற்சங்கப் போராட்டத்தால் வென்றெடுக்கப்பட்டது.

கல்யாணத்தில் காலை டிபனுக்கு நைட் ஷிப்ட் சிவந்த கண்ணோடு நேராக வந்தது. முகூர்த்தத்துக்கு இரண்டாம் ஷிப்டும் மதியச் சாப்பாட்டுக்குக் காலை ஷிப்டும் வந்தன. மல்கோவா அத்தனையும் ஒப்பந்தப்படி அவர்களுக்கே போய்விட்டது. சொந்தக்காரர்கள் பை ஒவ்வொன்றிலும் ஒரு தோத்தாபுரி. மாமாவின் பங்காளி ஒருவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஜூஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதா வெங்கடப்பா?" என்று மண்டபம் கேட்கக் கேட்டார். மாமா மாலையும் கழுத்துமாக இருந்த என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்னும் நான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதினோருபேர் டாட் காம் அந்த ஆனியோடு மூச்சை நிறுத்தியது. பெங்களூர்க்காரர்களும் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கடையைச் சாத்திவிட்டதாகக் கேள்வி. நான் வேலையை விடவில்லை. கோவிந்தசாமி அண்ணன் என்னை விடுவதாகவும் இல்லை.

வீட்டில் நான் எதைப் பேசினாலும், ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்றாலும் சரி, திருப்பதி போகலாம் என்றாலும் சரி, மஞ்சுளா ஒன்றுதான் கேட்பாள்: "முழுப் பரிசுன்னு எங்கயாவது எழுதி ஒட்டிட்டீங்களா?"

அந்த மரங்கள் இன்றும் காய்க்கின்றன. ஒவ்வொரு சீசனிலும் மாமா எண்ணி எண்ணிப் பெட்டி கட்டி எல்லோருக்கும் மல்கோவா அனுப்புகிறார். கோவிந்தசாமி அண்ணன் வீட்டுக்குக்கூட ஒரு பெட்டி போகிறது. பேச்சு மாறாத மனிதர் என்று அவர்மேல் மாமாவுக்குத் தனி மதிப்பு. எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வரும், மேலே மாமாவின் கையெழுத்தில் என் பெயரோடு. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் நம்பிக்கையில்லாமல் அதைத் திறந்ததில்லை.

இந்த வருடப் பெட்டியும் போன வாரம் வந்தது. வைக்கோலை விலக்கி, அடியில் தோத்தாபுரியின் மூக்கு தெரியும்போதே போன் அடித்தது.

"ஆறுதல் பரிசு வந்துச்சாப்பா?" என்றார் மாமா.

"வந்துச்சுங்க மாமா," என்றேன். கத்தியையும் உப்பு மிளகாய்ப்பொடியையும் மஞ்சுளா ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள்.